சதுர அடிக்கு 88 ரூபா பிளான் அப்ரூவல், ரிஜிஸ்டர்டு இன்ஜினியர், ரெரா: யாருக்கு எது பொருந்தும்?

இழையைத் தொடங்கிய கேள்வி, 27 ஜூலை 2024

சுயசான்று திட்டம்னு சொல்லி அப்ரூவல் உடனே குடுக்கறாங்களாம், ஆனா எங்க மாநகராட்சில சதுர அடிக்கு 88 ரூபா. 1500 அடி வீட்டுக்கு 1,32,000 வருது. முன்னாடி இதுல பாதி கூட இல்லையே? பகல் கொள்ளை இல்லையா இது? அப்புறம் இனிமே ரிஜிஸ்டர் பண்ண பில்டர்கிட்டதான் வீடு கட்டணும்னு எங்க மேஸ்திரி பயந்துட்டு இருக்காரு, உண்மையா?

27 ஜூலை 2024, ராத்திரி

நானும் இதே வேலைல மாட்டிட்டு நிக்கறவன்தான், அடுத்த மாசம் பூமி பூஜை. தெரிஞ்சத சொல்றேன்.

திட்டம் 22 ஜூலை அன்னிக்கு முதல்வர் தொடங்கி வெச்சது. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, அதுல 3,500 சதுர அடி வரைக்கும் வீடு, தரைத்தளம் பிளஸ் ஒரு மாடி, உயரம் 7 மீட்டருக்குள்ள. இதுக்குள்ள வந்தா ஒற்றைச் சாளரத்துல ஆன்லைன்ல போட்டு பணத்தை கட்டுனா அப்பவே அனுமதி. யாரும் முன்கூட்டி வந்து பாக்க மாட்டாங்க. முடிப்புச் சான்று வேண்டாம். பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு கட்டணமும் கிடையாதுன்னு அறிவிச்சிருக்காங்க.

கட்ட வேண்டியது அடிக்கு இவ்வளவுன்னு ஒரு ரேட், அது ஊருக்கு ஊர் வேற. சென்னை மாநகராட்சி 100 ரூபா, கோவை திருப்பூர் மதுரை 88, அப்படியே நகராட்சி பேரூராட்சின்னு இறங்கிட்டே போய் கிராம ஊராட்சில 15ல இருந்து 27 வரைக்கும்.

டபுளான்னு கேட்டீங்க. ஆமா. எங்க அக்கா 2021ல இதே ஊர்ல 1,580 அடி கட்டுனாங்க, ரசீதெல்லாம் கூட்டிப் பாத்தேன், 61,000. அடிக்கு 39 கூட வரல. இப்ப 88. கொள்ளைதான்.

28 ஜூலை 2024

நேத்து எழுதுனதுல தப்பு இருக்கு. அக்கா காலைல போன் பண்ணி "டேய் பீரோல இன்னும் ரெண்டு ரசீது கெடக்கு, அத யாரு கூட்டுவா"ன்னாங்க. ஒண்ணு தொழிலாளர் நல நிதி, அதுக்கு தனி ரசீது. இன்னொண்ணு ரோடு வெட்டுனதுக்கு. ரெண்டும் சேத்து 23,400. ஆக மொத்தம் 84,400, அடிக்கு 53 சொச்சம். டபுள்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறியிருக்கு, அது நிஜம்.

அந்த நல நிதி என்னன்னு தெரியாதவங்களுக்கு: கட்டுமானச் செலவுல 1 சதவீதம், 1996 மத்திய சட்டத்துல இருந்து வந்த செஸ். கொத்தனார் சித்தாளுக்கு நலவாரியம் மூலமா போற பணம். சொந்தமா குடியிருக்க கட்டற வீடு 10 லட்சத்துக்குள்ளன்னா அந்த சட்டமே பொருந்தாதுன்னு 2024ல இருந்துச்சு. இன்னிக்கு 10 லட்சத்துல என்னத்த கட்ட, காம்பவுண்டு சுவரும் கேட்டும் போடலாம்.

28 ஜூலை 2024, கொஞ்சம் கழிச்சு

இன்னொரு கணக்கு இருக்கு, ரசீது இல்லாத கணக்கு. மாமாகிட்ட அதை கேட்டேன். "அத மட்டும் கேக்காத மாப்ள"ன்னுட்டு டிவி சவுண்ட ஏத்திட்டாரு.

30 ஜூலை 2024

மேஸ்திரி விஷயத்த விட்டுட்டேன். பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க அவர்கிட்ட. ரெரான்னா ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, நம்ம மாநில விதிகள் 2017. அது விக்கறதுக்காக கட்டறவங்களுக்கும் மனை போட்டு விக்கறவங்களுக்கும்தான். உங்க நெலத்துல உங்களுக்காக உங்க மேஸ்திரி கட்டுனா ரெரா அந்தப் பக்கமே திரும்பிப் பாக்காது.

பிளான் போடறவருக்குத்தான் பதிவு வேணும். 2019ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்னு வந்துச்சே, அதுல ஆர்க்கிடெக்ட், ரிஜிஸ்டர்டு இன்ஜினியர், ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்னு ஆள் ஆளுக்கு தனித்தனியா பதிவு. முன்னாடி எல்பிஎஸ், அதாவது லைசென்ஸ்டு பில்டிங் சர்வேயர்னு சொல்லிட்டு இருந்தோமே, அந்த வேலை. அவரு பதிவு எண் இல்லாம பிளான் நகராது.

கான்கிரீட் கலக்கற ஆளுக்கு, கம்பி கட்டற ஆளுக்கு, 40 லட்சத்த நம்ம கையில இருந்து வாங்கிட்டு வேலை பாக்கற கான்ட்ராக்டருக்கு இந்த மாதிரி தொழில் பதிவு தேவையில்ல. நல்லா யோசிச்சுப் பாருங்க, காகிதத்துல கோடு போடறவருக்கு லைசென்ஸ், கோட்டை கட்டடமா ஆக்கறவருக்கு ஒண்ணும் இல்ல.

4 ஆகஸ்ட் 2024

ஆறு சென்ட் வெச்சிருக்கறவர் கேட்டிருந்தாரு, எனக்கு இந்தத் திட்டம் வருமான்னு. பாவம். ஒரு சென்ட் 435.6 அடி. ஆறு சென்ட் 2,613. உங்களுக்கு 113 அடி சாஸ்தி. அஞ்சே முக்கால்னாலே தாண்டிடும். வழக்கமான வழியிலதான் போகணும் நீங்க. இல்லன்னா அந்த 113 அடிய மச்சினனுக்கு தானசெட்டில்மென்ட் எழுதி வெச்சுடுங்க, ஒரு கோழிக்கூண்டு வெச்சுக்கட்டும்.

5 ஆகஸ்ட் 2024

கோழிக்கூண்டு ஐடியாவ நிஜமா எடுத்துக்கிட்டு ரெண்டு பேர் விசாரிச்சிருக்கீங்க. வேண்டாம் சாமி. அப்ரூவ்டு மனைய ரெண்டா பிரிச்சா அதுக்கும் தனியா உட்பிரிவு அனுமதி வேணும், இல்லன்னா ரெண்டு துண்டுமே அன்அப்ரூவ்டு ஆகி நிக்கும். ஜோக்க ஜோக்காவே விடுங்க.

மனையே அன்அப்ரூவ்டா இருந்தா, 20 அக்டோபர் 2016 வரைக்கும் பதிவான மனையான்னு மொதல்ல பாருங்க, அன்அப்ரூவ்டு மனைய முறைப்படுத்தற வரன்முறை திட்டத்துக்கு அந்தத் தேதிதான் கோடு. அது முடியாம வீட்டு அனுமதி பக்கமே போகாதீங்க.

19 ஆகஸ்ட் 2024

எனக்கு அனுமதி வந்துருச்சு! 1,650 அடி, 1,45,200 ரூபா. பணம் கட்டி டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள க்யூஆர் கோடோட காகிதம் கைல. அக்காவுக்கு 2021ல அஞ்சு மாசம் ஆச்சு, அந்த அஞ்சு மாசமும் வாடகை வீட்ல மாசம் 9,000 கட்டுனாங்க. அந்த 45,000த்தையும் அவங்க 84,400ல கூட்டிப் பாருங்க, 1,29,400. அவங்க 1,580 அடிக்கு இன்னிக்கு ரேட் போட்டா 1,39,040. பத்தாயிரம்தான் வித்தியாசம். மாமா சொல்லாத கணக்கையும் சேத்தா யாருக்கு லாபம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. கொள்ளைன்னு எழுதுனது கொஞ்சம் அவசரம்தான்.

20 ஆகஸ்ட் 2024

வாடகை வீட்ல இல்லாதவங்களுக்கு, அவசரம் இல்லாதவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. சரிதான். அடிக்கு 88ங்கறது இருக்கறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒண்ணு. 600 அடில ஓட்டு வீட்ட இடிச்சுட்டு தளம் போடறவங்களுக்கு 52,800ன்னா அது பெரிய பணம். நான் என் பையில இருந்து மட்டும் பேசிட்டேன்.

21 ஆகஸ்ட் 2024

இன்ஜினியர் யாருன்னு கேக்கறாங்க. எங்க பக்கத்துல ஆபீஸ் வெச்சிருக்கற ஒரு பையன், நல்ல பையன், பத்து நாள்ல பிளான் போட்டு என் போனுக்கு வந்த ஓடிபிய வாங்கி எல்லாத்தையும் முடிச்சுட்டாரு. உறுதிமொழி பக்கம் ஒண்ணு வந்துச்சு, டிக் டிக்குனு போட்டுட்டே போனேன். அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா சத்தியமா தெரியாது.

3 செப்டம்பர் 2024

பிளாட் வாங்கறவங்க கேள்வி நெறைய வருது, அதுக்கு ஒரே தடவையா எழுதிடறேன். என் தங்கச்சி பையன் ரெண்டு கிரவுண்ட்ல ஆறு பிளாட் கட்டற எடத்துல அட்வான்ஸ் குடுக்கப் போனான். ரெரா நம்பர் என்னன்னு கேட்டதுக்கு "இதுக்கெல்லாம் தேவையில்ல தம்பி"ன்னாங்களாம். பொய்யின்னு கோவமா வந்தான். பொய் இல்ல. ரெண்டு கிரவுண்ட் 4,800 அடி, 446 சதுர மீட்டர்தான். ரெரா போட்ட கோடு 500 சதுர மீட்டர், 8 வீடு, ரெண்டுக்கும் உள்ள இருக்கு. அப்ப பதிவு வேண்டியதில்ல. இந்தக் கோட்டுக்கு ஒரு அடி உள்ள நிக்கற மாதிரியே எத்தனை கட்டடம் வருதுன்னு உங்க தெருவுல எண்ணிப் பாருங்க.

பதிவு வேண்டிய எடம்னா விளம்பரத்துல பதிவு எண் போட்டே ஆகணும், வாங்கறவங்க பணத்துல 70 சதவீதம் தனிக் கணக்குல இருக்கணும், சாவி குடுத்து அஞ்சு வருசத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா சொன்ன 30 நாளுக்குள்ள காசு வாங்காம சரி பண்ணணும். பதிவு பண்ணாம வித்தா திட்ட மதிப்புல 10 சதவீதம் வரை அபராதம். முதல் கட்டம் ரெண்டாம் கட்டம்னு பிரிச்சு சின்னதா காட்டுறதும் நடக்காது, எல்லாக் கட்டத்தையும் சேத்துத்தான் கணக்கு.

பையன் வேற எடம் பாக்கறான்.

14 அக்டோபர் 2024

சென்ட்ரிங் நடக்குது. மழை. மண்டை காயுது.

9 நவம்பர் 2024

ஒரு சங்கடம். போர்டிகோவ பிளான்ல இருக்கறத விட ரெண்டே கால் அடி முன்னாடி இழுத்திருக்காங்க. காரு நனையுமேன்னு நான்தான் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன், மறுக்கல. மேஸ்திரி அத உத்தரவா எடுத்துக்கிட்டு பில்லர தள்ளிப் போட்டுட்டாரு. இப்ப முன்பக்க செட்பேக், அதாவது வீட்டுக்கு முன்னாடி விட வேண்டிய காலி எடம், குறைஞ்சு போச்சு. மேஸ்திரி கணக்குப்படி வீடு பதினேழரை சதுரம் (ஒரு சதுரம் 100 சதுர அடி), இன்ஜினியர் கணக்குப்படி பதினாறரை. நான் காசு கட்டுனது பதினாறரைக்கு. மேஸ்திரிக்கு குடுக்கறது பதினேழரைக்கு.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து அந்த உறுதிமொழிய மொத தடவையா படிச்சேன். மனை என்னோடது, நீர்நிலை இல்ல, அரசு நெலம் இல்ல, பிளான்ல இருக்கற மாதிரியே கட்டுவேன், தப்பா இருந்தா அனுமதி ரத்து, பொறுப்பு என்னோடது. சுயசான்றுல அந்த 'சுய' யாருன்னு அப்பத்தான் ஒறச்சுது.

11 நவம்பர் 2024

பையன்கிட்ட போனேன், அந்த பக்கத்து ஆபீஸ் இன்ஜினியர். "சார் நான் போட்ட பிளான்ல அது இல்ல"ன்னாரு. சரிப்பா, நீ வந்து ஒருதடவ பாத்திருக்கலாமேன்னேன். அப்பத்தான் தயங்கித் தயங்கி வருது விஷயம், அவரு டிப்ளமோ, ரிஜிஸ்டர் பண்ணல. பிளான்ல இருக்கற சீலும் நம்பரும் வேற ஒருத்தரோடது. ஒரு பிளானுக்கு இவ்வளவுன்னு குடுத்து வாங்கறாராம். 21 ஆகஸ்ட்ல நல்ல பையன்னு எழுதுனேன். பையன் நல்லவன்தான், இன்னிக்கும் சொல்றேன், ஆனா என் வீட்டுக்கு சட்டப்படி இன்ஜினியர் அவன் இல்ல.

12 நவம்பர் 2024

"எல்லா எடத்துலயும் இப்படித்தான், இதுல என்ன அதிசயம்"னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. அதிசயம்னு நான் சொல்லலையே. எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். பேருக்கும் முகத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு பிளான் போடறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், பொண்ணு பாக்கப் போனா போட்டோவையும் ஆளையும் சரிபாக்கற மாதிரி.

24 நவம்பர் 2024

சீல்ல இருக்கற பேரத் தேடிப் போனேன், ரெண்டு பஸ் மாறி. எழுபது வயசுக்கு மேல இருக்கும், ரிட்டயர் ஆனவரு. திண்ணைல உக்காந்திருந்தாரு. பிளான காட்டுனேன். கண்ணாடிய மேல தூக்கி கீழ இறக்கிப் பாத்துட்டு, "எந்த ஊருங்க இது?"ன்னாரு.

சண்டை போடணும்னு போனவன், எனக்கு வாயே வரல. அவரு பேரு என் வீட்டு மேல இருக்கு, என் ஊரே அவருக்குத் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னாரு, அந்தப் பையன் அவருகிட்ட வேலை கத்துக்கிட்டவன், முடியாம போனப்புறம் சீல குடுத்து வெச்சிருக்காரு, மாசம் மருந்துக்கு ஆகுதுன்னு. எத்தனை பிளான்ல போட்டிருக்கான்னு கேட்டேன். அவருக்குத் தெரியல.

நான் 2014ல சென்னை போரூர் பக்கம் வேலைல இருந்தேன். மவுலிவாக்கத்துல பதினோரு மாடி சரிஞ்ச அன்னிக்கு, ஜூன் 28, சாயங்காலம் பேய் மழை. 61 பேரு செத்தாங்க, பெரும்பாலும் வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்தவங்க. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்த 2016 நவம்பர்ல வெடி வெச்சு இறக்குனாங்க. அதையும் அனுமதி வாங்கித்தான் கட்டிட்டு இருந்தாங்க. அத அவருகிட்ட சொன்னேன். உங்க வீடு மாடி ஒண்ணுதானேன்னு சொல்வாருன்னு எதிர்பாத்தேன். சொல்லல. "என்னிக்கு வந்து பாக்கட்டும்?"னு கேட்டாரு.

1 டிசம்பர் 2024

வந்தாரு. காரு அனுப்பறேன்னேன், வேண்டாம்னு பஸ்லயே. ஒரு சின்ன சுத்தியல் கொண்டு வந்திருந்தாரு, ஒவ்வொரு பில்லரா தட்டி காது குடுத்துக் கேட்டாரு. மேஸ்திரிக்கு மொதல்ல நக்கல், அப்புறம் கைய கட்டிட்டு பின்னாடியே வந்தாரு. படிக்கட்டு பக்கத்துல ஒரு பில்லர் அடில தேன்கூடு மாதிரி ஜல்லி தெரியுது, மேல பூசி மறைச்சிருக்காங்க. அத கொத்தி எடுத்து சரி பண்ணச் சொன்னாரு, எப்படின்னும் நின்னு சொல்லிக் குடுத்தாரு. போர்டிகோ பத்தி ஒரே வார்த்தை, "வெட்டிடுங்க".

3,000 குடுத்தேன். எண்ணிப் பாக்காம சட்டைப்பைல வெச்சாரு.

2 டிசம்பர் 2024

மேஸ்திரி மேல கேஸ் போடலாமான்னு கேட்டவருக்கு: பதிவு இல்லன்னா கேக்க ஆளில்லன்னு அர்த்தம் இல்ல. 2019 நுகர்வோர் சட்டத்துல சேவைங்கறதுக்குள்ள வீடு கட்டுறதும் வருது. ஒப்பந்தம் எழுத்துல இருந்தா, பணம் குடுத்ததுக்கு ஆதாரம் இருந்தா நிரூபிக்கறது சுலபம். என்கிட்ட இருந்த ஒப்பந்தம் ஒரு டைரிப் பக்கம், அதுலயும் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கு. நான் போடல. பாதி தப்பு என் வாயி.

15 டிசம்பர் 2024

போர்டிகோவ வெட்டியாச்சு, 38,000 செலவு. காரு மூக்கு வெளிய நீட்டிட்டு நிக்குது.

பின்னாடி மேல இன்னொரு மாடி எழுப்பலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இந்த அனுமதில முடியாதுங்க. தரைத்தளம் பிளஸ் ஒண்ணு, அவ்வளவுதான். மேல போகணும்னா வழக்கமான அனுமதி புதுசா வாங்கணும், அதுக்கு முன்னாடி அஸ்திவாரம் தாங்குமான்னு பாக்கணும். ரெண்டாவது மாடி ஆசை இருந்தா இப்பவே அதுக்குத் தகுந்த மாதிரி பிளான் போட்டு அந்த வழியிலயே போயிடுங்க, க்யூஆர் கோடு வேகத்துக்கு ஆசப்படாம.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிஞ்சு பால் காய்ச்சிட்டோம். அக்கா வந்து மொதல்ல பாத்தது பீரோவத்தான், ரசீதெல்லாம் ஒரே எடத்துல வெச்சிருக்கியாடான்னு.

அந்த பெரியவர் நம்பர் கேட்டு இதுவரை பதினோரு பேர் மெசேஜ் பண்ணிருக்கீங்க. தர மாட்டேன். அவருகிட்டயே கேட்டேன், குடுக்கட்டுமான்னு. பையன்கிட்ட இருந்து சீல திருப்பி வாங்கிட்டாராம், டிராயருக்குள்ள போட்டுப் பூட்டியாச்சாம். பையன் இப்ப பரீட்சைக்கு படிச்சுட்டு இருக்கான், பகுதி நேர பி.இ. அவன் நம்பர் வேணும்னா நாலு வருசம் கழிச்சு கேளுங்க.